கூண்டு எண் ஐந்தும் அடுக்களைத் தகரமும்

அன்புள்ள ஐயா,

மாற்றலாகித் தங்கச்சிமடம் வந்து மூன்று மாதம் ஆகிறது. கான்கிரீட் வீடு, பின்கட்டு அடுக்களைக்கு மட்டும் தகரக் கூரை. ஐப்பசி, கார்த்திகையை நினைத்தால் பயமாக இருக்கிறது. பாம்பனில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்? வீட்டில் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

ரா.

அன்புள்ள ரா.,

1, 2 எண் கூண்டுகள் தொலைவில் உள்ள புயலுக்கானவை. 5 முதல்தான் அபாயம். 5 என்றால் துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் இருக்கிறது என்று பொருள். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இடப்பக்கம் என்பது புயலுக்கு இடப்பக்கம். கிழக்கிலிருந்து வரும் புயலுக்குத் தெற்கே நாம் இருப்போம். அது நமக்கு வடக்கே கடக்கும். 6 என்றால் தெற்கே கடக்கும். 7 என்றால் நம் மேலேயே அல்லது மிக அருகில். 8, 9, 10 இதே வரிசைதான், புயல் மட்டும் கடுமையானது.

ராமேஸ்வரம் தீவில் இது ஏன் முக்கியம்? புயல் கிழக்கே இருக்கும்போது நமக்கு வாடைக்காற்றுதான் அடிக்கும். பிறகு காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடித்தால் மையம் வடக்கே போகிறது. மன்னார் வளைகுடாக் கடல் தென்கரையில் ஏறும். கிழக்கிலிருந்து அடித்தால் மையம் தெற்கே போகிறது. பாக் நீரிணைப் பக்கம், அதாவது உங்கள் கரையில் கவனம் தேவை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு இரண்டு பக்கமும் கடல்தான். காற்று சட்டென்று அடங்கினால் வெளியே வராதீர்கள். மையம் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

கிளம்புவதென்றால் காற்று வலுக்கும் முன்பே பாம்பன் பாலத்தைத் தாண்டிவிடுங்கள்.

தகரத்தைக் காற்று அமுக்கிப் பிய்ப்பதில்லை, மேலே உறிஞ்சித் தூக்குகிறது. அதனால்தான் ஓரமும் மூலையும் முதலில் போகின்றன. ஓரத் தகடுகளில் ஜே போல்ட்டை (கொக்கி போல வளைந்த போல்ட்) நெருக்கமாகப் போட்டு, துருப்பிடித்த வாஷரை மாற்றுங்கள். தகடு பிடித்திருக்கும் சட்டம் சுவரோடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் சட்டத்தோடு சேர்ந்தே பறக்கும். மணல் மூட்டையை மட்டும் நம்பாதீர்கள். தகடு ஒருமுறை நெளிந்தாலே அது சரிந்துவிடும். பழைய மீன்வலையைக் கூரை மேல் விரித்து, கயிற்றைத் தரையில் அடித்த முளையில் கட்டுவது நல்லது. அடுக்களைக் கதவும் ஜன்னலும் அடைத்தே இருக்கட்டும். காற்று உள்ளே புகுந்தால் கீழிருந்தும் தள்ளும்.

மாடித் தொட்டியை நிரப்பி வையுங்கள். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன், காலியானால் உருளும். குடிக்க ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், ஏழு நாளைக்குத் தனியாக எடுத்து வையுங்கள். தரைத்தொட்டி மூடியைச் சுற்றி பிளாஸ்டிக் விரிப்பு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். மழைவெள்ளம் புகுந்தால் தெளியவிட்டு, 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் விடலாம். கடல்நீர் புகுந்தால் அதற்கு மருந்தில்லை. பவுடர் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. முழுக்க இறைத்துக் கழுவித்தான் ஆக வேண்டும்.