உரல் சத்தம் கேட்கிறதா? தாய்லாந்துச் சாப்பாடு: கேள்வி பதில்

பாங்காக்கில் ஓர் ஓட்டல் அடுக்களையில் ஒன்பது வருடம் இருந்தேன். இப்போது ஏற்காட்டில் நாலு அறை விடுதி, சமையலும் நானே. மழைக்கு இன்று யாரும் மலையேறி வரவில்லை. அதனால் சேலம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, கேட்டவர் பகுதியின் பெயரோடு, உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

அஸ்தம்பட்டி: அண்ணா, புது ஊரில் நல்ல தாய்லாந்துக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மெனு அட்டை. தாய், சைனீஸ், தந்தூரி மூன்றும் அதில் இருந்தால் ஒரு டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். நானே ஒரு கடற்கரை ஊரில் வாசல் படத்தை நம்பிப் போய், பச்சைக் கறி என்ற பெயரில் தேங்காய்ப்பாலில் கரைத்த கொத்தமல்லிச் சட்னியைச் சாப்பிட்டவன்.

அடுத்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சோம் தம் என்கிற பப்பாளிக்காய் சாலட்டை நீங்கள் சொன்ன பிறகுதான் இடிக்க வேண்டும். மண் உரல், மர உலக்கை, டொக் டொக் என்று கேட்கும். பூண்டும் மிளகாயும் முதலில் நசுங்கும். அப்புறம் வெல்லம், மீன் சாஸ், எலுமிச்சை, தக்காளி. பப்பாளித் துருவல் கடைசியில். அதை லேசாகத் தட்டினால் போதும், கூழாகக் கூடாது. தட்டு வடை செட்டைக் காலையிலேயே சட்னி தடவி அடுக்கி வைத்தால் சேலத்தில் யாராவது தொடுவோமா? அதே கதைதான். சத்தமே இல்லாமல் இரண்டு நிமிடத்தில் தட்டு வந்தால், அது ஃப்ரிட்ஜிலிருந்து வருகிறது.

அம்மாபேட்டை: நாங்கள் சைவம். என்ன சாப்பிடலாம்?

மீன் சாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். கறி விழுதிலேயே இறால் விழுது சேர்ந்திருக்கும். மேலே டோஃபு மிதந்தால் சைவம் ஆகிவிடாது. தாய்லாந்துக்கே போனால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று போட்ட கடைகளைத் தேடுங்கள். அங்கே வெங்காயம், பூண்டுகூட இருக்காது.

சூரமங்கலம்: சேலத்தில் எந்தக் கடை நல்லது சார்?

பெயர் சொல்ல மாட்டேன். மாஸ்டர் மாறினால் கடையே மாறிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை: டாம் யம் சூப்பில் இஞ்சிதானே போடுகிறார்கள்?

இல்லை, பேரரத்தை. நாட்டு மருந்துக் கடையில் ஒரு துண்டு வாங்கி முகர்ந்து பாருங்கள். சூப்பில் கிடக்கும் துண்டையும் எலுமிச்சைப் புல்லையும் மென்று விழுங்காதீர்கள், அவை வாசத்துக்கு மட்டும்.

ஃபேர்லேண்ட்ஸ்: பாட் கப்ராவ் என்கிற கொத்துக்கறி வதக்கலில் துளசி போடுவார்கள் என்கிறார்களே, அது திருநீற்றுப்பச்சிலை. துளசியை யாராவது கறியோடு வதக்குவார்களா?

வதக்குவார்கள். திருநீற்றுப்பச்சிலைக்கு உறவு ஹோரப்பா என்கிற இன்னொரு இலை: ஊதாத் தண்டு, சோம்பு வாசம், பச்சைக் கறியில் இறக்கும்போது போடுவது. கப்ராவ் வேறு. அது நம் மாடத்துத் துளசியேதான். கடித்தால் கிராம்பு மாதிரி சுரீரென்று இருக்கும். கொத்துக்கறி, பூண்டு, மிளகாய் வதங்கிய சூட்டில் ஒரு கைப்பிடி இலையைப் போட்டுப் புரட்டி உடனே இறக்குவார்கள். கூடவே ஓரம் மொறுமொறுத்த முட்டை.

அதே ஃபேர்லேண்ட்ஸ்: பெருமாளுக்குச் சாத்துவதை அப்படிச் செய்வது பாவம் இல்லையா?

அவர்கள் ஊரில் அது கீரைக்கடை இலை ஐயா. உங்கள் மாடத்தில் யாரும் கை வைக்கவில்லை.

குகை: சளி பிடித்தால் எங்கள் பாட்டி கோழிச் சாற்றிலேயே துளசி போடுவாரே!

பாட்டிக்கு என் வணக்கம். ஃபேர்லேண்ட்ஸ்காரரோடு நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

ஐந்து ரோடு, ஆத்தூர், மேட்டூர்: சேலத்தில் எந்தக் கடை நல்லது?

மேலே படியுங்கள்.

ஓமலூர்: முட்டை மட்டும் சாப்பிடுவேன். பாட் தாய் நூடுல்ஸ் ஓகேவா அண்ணா?

மீன் சாஸ்! காய்ந்த இறாலும் உண்டு.

கொண்டலாம்பட்டி: உங்கள் விடுதியில் கிடைக்குமா?

முந்தின நாளே சொன்னால் செய்வேன். பப்பாளி நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், கல்லு மாதிரி காயாக. போன மாதம் ஒருவர் கொண்டுவந்தது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் பழுத்து மணத்தது. அதை வெட்டிக் காலைப் பலகாரத்தோடு வைத்தேன்.