படுத்துக்கொண்ட எழுவாய்

கேள்வி: திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் வரும் வன்முறைக் காட்சிகளால் தூண்டப்பட்டுக் குற்றம் புரியும் சிறுவர்களைத் தண்டிப்பது நியாயமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: தங்கள் கேள்வியில் என் கண்ணை உறுத்தியது 'தூண்டப்பட்டு' என்ற சொல்தான். செயப்பாட்டுவினைக்கும் எனக்கும் உள்ள பகையை இந்தப் பத்திரிகையின் பிழைதிருத்துநர்கள் நன்கு அறிவார்கள். 'படு' என்ற துணைவினை வாக்கியத்துக்குள் நுழைந்த மாத்திரத்தில், பெயரிலேயே எழுச்சியை வைத்திருக்கும் எழுவாய் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறது. 'பணம் கையாடப்பட்டது' என்று எழுதிவிட்டால் கையாடிய ஆசாமியை யாரும் தேடுவதில்லை. ஒருமுறை நமக்கு வந்த மறுப்பறிக்கை ஒன்று 'வருந்தப்படுகிறது' என்று முடிந்திருந்தது. வருந்தியவர் யாரென்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

1977இல் அமெரிக்காவின் மயாமி நகரில் எல்லிஸ் ரூபின் என்ற வழக்கறிஞர் இந்தப் 'பட்டு'வை நீதிமன்றத்துக்கே கொண்டுவந்தார். பக்கத்து வீட்டில் திருடப் புகுந்து, அங்கிருந்த எண்பது வயதைக் கடந்த மூதாட்டியைச் சுட்டுக் கொன்ற 15 வயதுச் சிறுவன், 'கோஜாக்' போன்ற போலீஸ் துப்பறியும் தொடர்களை ஓயாமல் பார்த்துத் தொலைக்காட்சிப் போதைக்கு ஆளானவன், ஆகையால் தான் செய்தது இன்னதென்று அறியாதவன் என்பது அவருடைய வாதம். (அந்த விசாரணையையும் தொலைக்காட்சி ஒளிபரப்பியது, ஜனங்கள் பார்த்தார்கள்.) ஆனால் கொலைக்குப் பிறகு அந்தச் சிறுவன் மூதாட்டியின் காரிலேயே நண்பர்களோடு டிஸ்னி வேர்ல்டுக்கு உல்லாசப் பயணம் போனான். சுடச் சொன்னது கோஜாக் என்றே வைத்துக்கொள்வோம். சுற்றுலா போகச் சொன்னது எந்தத் தொடர்? ஜூரிகள் வாதத்தை ஏற்கவில்லை. ஆயுள் தண்டனை கிடைத்தது. பிற்பாடு, ஐந்து வயது முதலே பையனைக் கெடுத்ததாக மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள்மீது தொடுத்த நஷ்டஈட்டு வழக்கையும் 1979இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இதனால் படம் எடுப்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். முப்பது விநாடி விளம்பரத்தைப் பார்த்தவன் மறுநாளே சோப்பு வாங்குவான் என்று சொல்லிக் காசு வாங்குகிற தொழில், இரண்டரை மணி நேர வெட்டுக்குத்தைப் பார்த்தவன் மனத்தில் ஒன்றுமே ஒட்டாது என்று சத்தியம் செய்தால் அதை நம்புவதற்கு நான் தயாராக இல்லை. அவர்களிடம் கேட்க வேண்டியதைத் தனியாகக் கேட்போம். அதற்காகச் சுட்டவன் கணக்கில் கழிவு கொடுக்க முடியாது. பதினைந்து வயதுப் பையன் என்பதற்காகத் தண்டனையைக் குறைக்கச் சொல்லித் தாங்கள் மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. அவன் பார்த்த தொடருக்காகக் குறைக்கச் சொன்னால், மனுவிலுள்ள 'பட்டு'க்களை அடித்துத் திருப்பி அனுப்புவேன்.