ரி கலம் லுக்கேமியாவை (இரத்தப் புற்றுநோயை) எப்படிக் கொல்லுது? கேள்வி பதில்

கிளிநொச்சி மாணவி: அக்கா, ரி கலம் புற்றுக் கலத்தை விழுங்கியா கொல்லுது?

இல்லைத் தங்கச்சி, ரி கலம் ஒரு வகை வெள்ளைக் குருதிக் கலம்; விழுங்குறது மக்ரோபேஜ் என்ற வேறொரு கலத்தின்ர வேலை. கிட்டத்தட்ட ஒவ்வொரு கலமும் தன் உள்ளே உடைந்த புரதத் துண்டுகளை எம்.எச்.சி. என்ற தாங்கியில் வைத்து வெளியே காட்டும். கொல்லும் ரி கலம் ஒட்டி நின்று அதைத் தடவிப் பார்க்கும். துண்டு பிழையென்றால் தன் சிறுமணிகளை எல்லாம் ஒட்டிய பக்கத்துக்கே நகர்த்தி அங்கே கொட்டும். அதிலுள்ள பேர்போரின் என்ற புரதம் புற்றுக் கலத்தின் மென்சவ்வில் துளை போடும். அதுக்குக் கல்சியம் வேணும். கிரான்சைம் என்ற நொதி உள்ளே போய், கலத்தைச் சாக வைக்கும் கஸ்பேஸ் நொதிகளைத் தட்டி எழுப்பும். பிறகு புற்றுக் கலம் தன்ர டி.என்.ஏ.யைத் தானே துண்டாக்கிச் சாகும். ரி கலம் கழன்று அடுத்ததுக்குப் போகும்.

புதுக்குடியிருப்பு: அப்ப ஏன் நோய் வருது?

லுக்கேமியா உடம்பின் சொந்தக் கலம். காட்டிக்கொடுக்கும் துண்டு குறைவு, சிலது எம்.எச்.சி.யையே மறைக்கும். ரி கலத்துக்குப் பலம் இருக்கு, ஆளைத் தெரியேல்லை.

மாங்குளம்: பப்பாசி இலைச்சாறு குடுக்கலாமோ?

கீமோ நடக்கேக்க வைத்தியரைக் கேளாமல் எந்தச் சாறும் வேண்டாம். 38 பாகை காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் பார்த்திருக்காமல் உடனே வைத்தியசாலை.

வவுனியா: கார்-ரி என்றால்?

நோயாளியின்ர ரி கலத்தைப் பிரித்து, வைரஸ் மூலம் புது வாங்கியின் (இலக்கைப் பிடிக்கும் புரதத்தின்) மரபணுவை ஏற்றி, பெருக்கி, சிறு கீமோவுக்குப் பிறகு திருப்பி ஏற்றுவது. அந்த வாங்கி பி கலத்தின் (இன்னொரு வெள்ளைக் கலம்; இந்த லுக்கேமியா அதிலிருந்துதான் வரும்) மேலுள்ள சீ.டி.19 என்ற புரதத்தை நேரே பிடிக்கும், எம்.எச்.சி. தேவையில்லை. அமெரிக்காவில் 2017இல் அனுமதி; இந்தியாவின் சொந்தத் தயாரிப்புக்கு 2023இல். லுக்கேமியா சீ.டி.19ஐத் தொலைத்துவிட்டுத் திரும்பி வரலாம். நல்ல பி கலமும் சேர்ந்து சாகிறதால் இம்யூனோகுளோபியூலின் (பி கலத்தால் வரும் பிறபொருளெதிரி) ஏற்ற வேண்டி வரும்.

நெடுங்கேணி: வேப்பிலை?

மாங்குளத்துக்குச் சொன்னதுதான்.

மல்லாவி: கார்-ரிக்குப் பிறகு சைட்டோகைன் புயல் (கலங்கள் சுரக்கும் அழற்சிப் பொருள் மிதமிஞ்சுறது) வந்தால் ஸ்டீரோயிட் குடுக்கப்படாது. ஏற்றின கலமெல்லாம் செத்துப்போம்.

முல்லைத்தீவு: விசர்க் கதை. லுக்கேமியாப் பிள்ளையளுக்குத் தொடக்கத்திலேயே ஸ்டீரோயிட் குடுக்கினம்தானே?

முல்லைத்தீவுத் தம்பி, அது வேற கணக்கு. அங்கே ஸ்டீரோயிட் லுக்கேமியாக் கலத்தையே கொல்லத்தான் குடுக்கிறது. ஏற்றி வைத்த கார்-ரி அங்கே இல்லை. மல்லாவியின் பயத்திலும் பாதி சரி, ஸ்டீரோயிட் ரி கலத்தை அடக்கலாம். அதனால்தான் புயலுக்கு முதலில் டொசிலிசுமாப் என்ற மருந்து: ஐ.எல்.-6 என்ற சைட்டோகைனின் வாங்கியை மட்டும் அடைக்கும், ரி கலத்தைத் தொடாது. அதுக்கும் அடங்காட்டி டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரோயிட். மூளை குழம்பினால் டொசிலிசுமாப்பை நம்பேலாது, மூளைக்குள் சரியாய்ப் போகாது. அங்கே ஸ்டீரோயிட்தான் முன்னுக்கு. பிரஷர் விழுந்துகொண்டு போகேக்க ஸ்டீரோயிட்டைப் பிந்தவிட்டால் ஆளே போயிடும்.

மல்லாவி: குடுத்தாலும் குறைஞ்ச நாளுக்குத்தானே?

ஓம். அடங்கினதும் குறைச்சு நிற்பாட்டுவினம்.

துணுக்காய்: கருஞ்சீரகம்?

மேலே வாசியுங்கோ. காய்ச்சல் வரியையும் சேர்த்து.