தைப்பூசத்துக்குள் ஹோஸ்டிங் மாற்றலாமா?

கேள்வி: அக்கா, மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் காவடிச் சாமான், பூஜைப் பொருள் விற்கிறோம். கடை வெப்சைட் இருக்கும் வாடகை சர்வர், அதாவது ஹோஸ்டிங், அடிக்கடி படுத்துவிடுகிறது. வேறு இடத்துக்கு மாற்றினால் கூகுளில் முதல் பக்கத்தில் வருவது போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். அதோடு டிசைனையும் புதுசாக்கலாம் என்கிறான் மகன். தைப்பூசத்துக்குள் முடிக்கலாமா?

பதில்: தைப்பூசத்துக்குள் வேண்டவே வேண்டாம். கோர் தெ கார்ட் மலைக்கோயிலில் கொடியேறுவதற்கு முன்பே செம்பும் வேலும் தேட ஆரம்பித்துவிடுவார்கள். உங்களுக்கு வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம் அது. பூசம் கழியட்டும்.

பயத்துக்கு வருவோம். டொமைனும் (வெப்சைட்டின் பெயர்) பக்கங்களின் முகவரியும் அப்படியே இருந்தால், சர்வர் எந்த ஊரில் ஓடினாலும் கூகுளுக்கு அது பழைய கடைதான். முகவரிகள் மாறினால்தான் தலைவலி: ஒவ்வொன்றுக்கும் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதுக்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பிவிடல் போட்டு, குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆகவே டிசைன் பிறகு. இரண்டையும் சேர்த்துச் செய்து கூகுளில் இடம் இறங்கினால், எதனால் இறங்கியது என்று உங்கள் மகனாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே டொமைன் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில் டிடிஎல் என்ற எண்ணைப் பாருங்கள். அந்தப் பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதுதான் அது. 86,400 வினாடி, அதாவது ஒரு நாள் என்று இருந்தால் 300 ஆக்குங்கள். பிறகு சர்வரை மாற்றும்போது ஐந்து நிமிஷத்தில் பெரும்பாலோர் புது இடத்துக்கு வந்துவிடுவார்கள். வெப்சைட்டைப் பாதுகாப்பாகத் திறக்க வைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழை முன்கூட்டியே புது சர்வரில் போட்டுவிடுங்கள். மாற்றுகிற இரவு ஆர்டர் வாங்குவதை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் பாதி ஆர்டர் பழைய டேட்டாபேஸில் தங்கிவிடும்.

வெப்சைட் ஓடுவது வேர்ட்பிரஸ் மென்பொருளில்தானே? சோதனை நேரத்தில் தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் போடுவார்கள். பூட்டைப் போட்டவர் சாவியை மறந்துவிட்டுப் போய்விடுவார்! 'கூகுள் எங்களைக் கைவிட்டுவிட்டது' என்று எனக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி கடைசியில் அகப்படுவது இந்த டிக்தான். புது ஹோஸ்டின் ஃபயர்வால் (பாதுகாப்புத் தடுப்பு), பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட்டைத் தடுக்கவில்லையா என்பதையும் கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் ஒரு பக்கத்தைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். மாற்றியதும் சில நாள் கூகுள்பாட்டின் வருகை குறையலாம், தானே சரியாகும்.

பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து செய்யாதீர்கள். அங்கே வருகைப் பதிவேடான லாகில் ஒரு வருகையும் இல்லை என்று தெரிந்த பிறகு விடலாம். டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம் சர்வரையும் மாற்றுவதாக இருந்தால், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளை எழுத்து விடாமல் நகலெடுங்கள். இல்லையென்றால் வெப்சைட் ஜம்மென்று ஓடும், ஆர்டர் மெயில் ஒன்றுகூட வராது.