ஸ்லாவியாவா, வெர்னாவா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன் நான். சேலத்தில் இருக்கிறேன். பத்து வருடம் உழைத்த ஸ்விஃப்டை விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கப்போகிறேன். வீட்டில் ஐந்து பேர்: நான், மனைவி, அம்மா, ஒன்பது வயது மகன், நான்கு வயது மகள். அம்மாவுக்கு மூட்டுவலி. மாதம் இரண்டு மூன்று முறை கோவைக்குப் போக வேண்டியிருக்கிறது. விடுமுறை கிடைத்தால் ஏற்காடு.

எனக்கு வண்டி ஓட்டுவதே ஒரு சந்தோஷம். அதனால் ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டர்போ, ஹூண்டாய் வெர்னா 1.5 டர்போ இரண்டில் ஒன்று என்று வந்து நிற்கிறேன். எதுவானாலும் ஆட்டோமேட்டிக்தான், மனைவியும் ஓட்டுவார். முன்னதில் 150 குதிரைத்திறன், பின்னதில் 160. ‘ஸ்கோடா வாங்கினால் சர்வீசுக்குச் சொத்தை எழுதிவைக்க வேண்டும்’ என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். ‘எஸ்யூவி வாங்குங்கள், அத்தைக்கு ஏறி இறங்கச் சுலபம்’ என்கிறார் மனைவி. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் இப்படி ஆசைப்படுவது சிறுபிள்ளைத்தனமோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

எம்., சேலம்

அன்புள்ள எம்.,

சிறுபிள்ளைத்தனம் ஒன்றும் இல்லை. ஆசையை ஒளித்துவைத்து, மைலேஜ் கணக்கு மட்டும் பேசி வண்டி வாங்கியவர்கள் மூன்றாம் மாதமே அதைத் துடைக்காமல் போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பிடித்த வண்டியை மனிதர்கள் கவனமாக ஓட்டுகிறார்கள், காற்றழுத்தம் பார்க்கிறார்கள், சர்வீசுக்குத் தவறாமல் விடுகிறார்கள். இதெல்லாம் குடும்பத்துக்கும் நல்லதுதானே.

நீங்கள் முதலில் மறக்க வேண்டியது அந்த 150, 160 கணக்கை. அந்தப் பத்துக் குதிரைகளும் இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டிய பிறகுதான் வெளியே வரும். அம்மாவையும் மகளையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அங்கே நீங்கள் எத்தனை முறை போகப்போகிறீர்கள்? அன்றாடம் உங்களுக்குத் தேவை கீழ்ச்சுற்றில் கிடைக்கும் இழுவை. ஸ்லாவியாவில் அது 250 நியூட்டன் மீட்டர், வெர்னாவில் 253. இரண்டிலும் ஏறத்தாழ 1,500 சுற்றில் தொடங்கி 3,500 வரை அப்படியே நிற்கிறது. சங்ககிரி தாண்டி ஒரு லாரியை முந்தும்போது எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று இழுவையை வைத்துச் சொல்ல முடியாது. டர்போ இல்லாத 1.5 வெர்னாவில் இதே இழுவை 144 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4,500 சுற்றில். ஐந்து பேரோடு மலை ஏறுகிறவர்கள் டர்போவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவு இல்லை என்பதற்கு இது போதும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? ஏற்காட்டுச் சாலையில்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்கிறது. ஸ்டியரிங் உங்கள் கையில், அடுத்த வளைவு உங்கள் கண்ணில். உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. பின்னால் இருக்கும் மகளுக்குத் தெரிவதோ முன்சீட்டின் முதுகு மட்டும். எதுவும் அசையவில்லை என்கிறது அவள் கண், அசைகிறது என்கிறது காதின் உட்பகுதி. அந்தச் சண்டைதான் பத்தாவது வளைவில் வாந்தியாக வருகிறது. இதைக் குறைக்க இரண்டு வழிகள். ஒன்று, ஓட்டுகிறவரின் கால். வளைவுக்கு முன்பே பிரேக்கை மெதுவாக அழுத்தி, வளைவுக்குள் சீராக உருண்டு, வெளியே வரும்போது ஆக்சிலேட்டரைப் பையக் கொடுப்பது. மற்றொன்று, வண்டியின் உடம்புக்கட்டு. ஒரே மூச்சில் சாய்ந்து அங்கேயே நிற்க வேண்டும். சாய்ந்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஸ்லாவியா அந்த விஷயத்தில் தேர்ந்த வண்டி. வேகம் கூடக்கூட ஸ்டியரிங் கனத்து நிலைக்கிறது. சாலையில் எதிர்பாராத மேடு வந்தால் ஒருமுறை எழும்பி அமர்கிறது, அதோடு சரி. வெர்னா பழைய தலைமுறைகளைவிட எவ்வளவோ தேறியிருக்கிறது, ஆனாலும் நெடுஞ்சாலை வேகத்தில் பாலத்தின் இணைப்பு ஒன்றைக் கடந்தால் பின்பக்கம் கூடுதலாக ஒரு அசைவு இருக்கிறது. உங்களுக்கு ஓட்டப் பிடித்த அந்தக் குணமும் மகளின் வயிற்றுக்கு நல்லதான குணமும் ஒன்றேதான். ‘ஸ்போர்ட்டி என்றால் முன்சீட்டுக்கு, வசதி என்றால் பின்சீட்டுக்கு’ என்று கார் விற்பவர்கள் பிரித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மெத்தென்று மிதக்கும் வண்டிகளில்தான் குழந்தைகள் அதிகம் வாந்தி எடுக்கிறார்கள். ஆனால் ஊருக்குள் கதை வேறு. குழி விழுந்த தெருவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்லாவியா கொஞ்சம் கடினம். அங்கே வெர்னா இதம், ஸ்டியரிங்கும் ஒரு விரலில் சுழலும். உங்கள் மனைவி பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டுபவர் என்றால் அவர் வாக்கு வெர்னாவுக்கே விழும்.

இறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெர்னா டர்போவின் உயர்ரக ஆட்டோமேட்டிக்கில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். ஸ்லாவியாவில் பின்சக்கரங்களுக்கு டிரம்தான். இந்த விலைக்கு அது கஞ்சத்தனம். ஆனால் பயப்படும் விஷயம் இல்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் வந்து விழுவதால் பெரும்பங்கு வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. எந்த வண்டியானாலும் மலை இறங்கும்போது கியரைக் கையால் இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ மாற்றி, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விடுங்கள். ஆட்டோமேட்டிக்கை ‘டி’யில் போட்டுவிட்டு இருபது வளைவும் பிரேக்கிலேயே இறங்கி, அடிவாரத்தில் தீய்ந்த வாசனையோடு நிற்பவர்களை ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பார்க்கலாம்.

ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டிலும் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. எண்ணெயில் மூழ்காத உலர்ந்த வகை. கியர் மாறுவதே தெரியாது, அவ்வளவு வேகம். ஆனால் உங்கள் ஊர் ஐந்து ரோடு சிக்னலில் மாலை ஆறு மணிக்கு அங்குலம் அங்குலமாக ஊர்வதுதான் இதற்குப் பகை. ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடேறுகிறது. முன்வண்டி ஒரு வண்டி நீளம் நகரும்வரை பிரேக்கில் காலை வைத்துக் காத்திருந்து பிறகு நகருங்கள். ஏற்றத்தில் வண்டியை ஆக்சிலேட்டரால் தாங்கி நிறுத்தவே கூடாது. வெர்னாவின் உயர்ரக ஆட்டோமேட்டிக்கில் மின்சார ஹேண்ட்பிரேக் இருக்கிறது, நின்றதும் வண்டியைத் தானே பிடித்துக்கொள்ளும். ஸ்லாவியாவில் பழைய கைநெம்புகோல். நகர நெரிசலில் இந்த ஒரு வசதிக்காகவே வெர்னாவை வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

இப்போது பின்சீட்டு. முன்னால் நீங்களும் மனைவியும். பின்னால் அம்மா, மகன், மகள். மகளுக்கு நான்கு வயது என்றால் அவளுக்குத் தனி இருக்கை கட்டாயம் வேண்டும், மடியில் வைத்துக்கொள்ளும் பேச்சே கூடாது. பின்சீட்டின் மெத்தையும் சாய்மானமும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள், இரும்புக் கம்பி தட்டுப்படும். குழந்தை இருக்கையின் இரண்டு கொக்கிகளும் அதில் ‘டக்’கென்று விழ வேண்டும். இருக்கையின் மேல்பட்டையைச் சாய்மானத்துக்கு மேலாகக் கொண்டுபோய்ப் பின்னால் உள்ள வளையத்தில் மாட்டி இறுக்க வேண்டும். மாட்டிய பிறகு மிச்சம் இருக்கும் இடத்தைப் பாருங்கள், அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான அளவு. ஸ்லாவியாவின் அகலம் 1,752 மில்லிமீட்டர், வெர்னாவுடையது 1,765. அந்தச் சிறு வித்தியாசம் பின்சீட்டில் தோளுக்குத் தோள் உரசும்போது தெரியும். ஸ்லாவியாவில் நடுவில் தரை மேடாக எழும்பியிருப்பதால் மகன் இருபுறமும் காலைப் போட்டு உட்கார வேண்டும். ஒன்பது வயதில் அது பிரச்சினை இல்லை, பதினான்கு வயதில் புகார் வரும். வெர்னாவில் கூரை பின்னோக்கிச் சரிந்து இறங்குவதால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். டிக்கியில் பேதம் இல்லை: 521 லிட்டரும் 528 லிட்டரும்.

அம்மாவின் மூட்டு விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டுமே தாழ்ந்த செடான்கள். உட்காருவது எளிது, எழுந்து வருவதுதான் கஷ்டம். அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப்போய், யாரும் கைகொடுக்காமல் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கதவின் மேல்விளிம்பைப் பிடித்துத் தொங்கி எழுந்தால், செடான் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். அதற்காக வண்டி ஓட்டும் ஆசையையும் விட வேண்டியதில்லை. ஸ்லாவியாவின் இதே 1.5 இன்ஜின், இதே அடித்தளம், இதே சக்கர இடைவெளியில் அதன் அண்ணன் குஷாக் எஸ்யூவி இருக்கிறது. டிக்கி மட்டும் சுருங்கும். வெர்னாவின் இன்ஜின் ஹூண்டாயின் கிரெட்டா என் லைன் எஸ்யூவியிலும் கிடைக்கிறது.

பாதுகாப்பில் இரண்டும் 2023இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியவை. விளம்பரத்தில் அதோடு நிறுத்திவிடுவார்கள். அந்த அறிக்கையில் ஸ்லாவியாவின் உடற்கூடு நிலையானது என்றும், வெர்னாவின் உடற்கூடு நிலையற்றது என்றும் மதிப்பிட்டிருந்தார்கள். காற்றுப்பைகளும் பெல்ட்டுகளும் வேலை செய்ததால் வெர்னாவுக்கு மதிப்பெண் வந்தது, உயிர் காப்பதில் அதுவும் நல்ல வண்டிதான். ஆனால் மோதலுக்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் தாங்கும் திராணி எந்தக் கூட்டில் இருக்கிறது என்பது எனக்கு முக்கியம். மறுபக்கம், வெர்னாவின் உயர்ரகங்களில் ரேடார் உதவி உண்டு. முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், மோதப்போகிறோம் என்றால் தானே பிரேக் போடும். கோவைச் சாலையில் மாதம் இரண்டு மூன்று முறை போகிறவருக்கு அது நிஜமான உதவி. ஊருக்குள், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளுக்கு நடுவே, அது அலறும் அலறலில் பாதிப்பேர் அணைத்துவிடுகிறார்கள்.

சர்வீஸ் பயம் பழைய காலத்து ஸ்கோடாக்களிலிருந்து வந்தது. அப்போது உதிரிபாகங்கள் கப்பலில் வர வேண்டும். ஸ்லாவியா புனே அருகே சாக்கனில் தயாராவது, 95 சதவீதம் வரை உள்நாட்டுப் பாகங்கள் என்று அறிவித்துத்தான் விற்பனைக்கு விட்டார்கள். இருந்தாலும் ஹூண்டாயின் சர்வீஸ் வலை பெரிது, சிறிய ஊரில் நின்றுபோனாலும் ஆள் கிடைக்கும். அதன் ஆலை நம் இருங்காட்டுக்கோட்டையில்தான். பந்தயத்தடமும் அதே ஊரில்தான் இருக்கிறது என்பது என்னைப் போன்றவர்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம். உங்கள் ஊர் சர்வீஸ் சென்டருக்கு ஒரு சனிக்கிழமை காலையில் நேரில் போய், வண்டி எடுக்க வந்தவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள். அலுவலக நண்பர்களின் பேச்சைவிட அது நம்பத்தக்கது.

பணக் கணக்கில் ஒன்று. செப்டம்பர் 2025இலிருந்து இரண்டுக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம், முன்பு செஸ் சேர்த்து 45 ஆக இருந்தது. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை சாலை வரி 18 சதவீதம். 16 லட்சம் விலை என்றால் வரி மட்டும் 2,88,000 ரூபாய். தேவையில்லாத உயர்ரகத்துக்குத் தாவும்போது அந்தத் தாவலுக்கும் வரி கட்டுகிறீர்கள்.

என் தேர்வைக் கேட்டால்: அம்மா சிரமமில்லாமல் ஏறி இறங்கினால் ஸ்லாவியா, இல்லையென்றால் குஷாக். மலையும் நெடுஞ்சாலையும் உங்கள் ஓட்டத்தில் இவ்வளவு இருப்பதால்தான் இப்படிச் சொல்கிறேன். சேலத்துக்குள்ளேயே சுற்றுபவராக இருந்திருந்தால் யோசிக்காமல் வெர்னா என்றிருப்பேன். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஐந்து பேரும், மகளின் இருக்கையும் போகட்டும். முதல் சில வளைவுகள் வரையாவது மலை ஏற விடச் சொல்லுங்கள், மனைவியும் ஓட்டிப் பார்க்கட்டும். பெயர்ப்பலகை முக்கியமில்லை என்றால் ஸ்லாவியாவின் இரட்டைப் பிறவியான ஃபோக்ஸ்வாகன் விர்டஸையும் விலை கேளுங்கள், இரண்டில் எதற்கு அந்த மாதம் தள்ளுபடி அதிகமோ அதை எடுங்கள். நீட்டிக்கப்பட்ட வாரன்டி வாங்கும்போது கியர்பாக்ஸும் அதன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதியும் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.