கேள்வி-பதில்: பன்றிக்குள் புகுந்த படை

கே: மாற்கு எழுதிய நற்செய்தியில், கல்லறைகளில் திரிந்த ஒருவனைப் பிடித்திருந்த பிசாசுகளை இயேசு பன்றிகளுக்குள் விரட்ட, அவை கடலில் (கலிலேயா ஏரியில்) பாய்ந்து மூழ்குகின்றன. அந்தப் பிசாசு தன் பேராகச் சொன்ன ‘லேகியோன்’ ரோமப் படையாம், பன்றிகள் அதன் சின்னமாம். பின்காலனிய வாசிப்பு (பேரரசுக்கு அடிமைப்பட்டவர்கள் பக்கமிருந்து வாசிப்பது) என்ற பெயரில் பேய்க்கதைக்குள் அரசியலைத் திணிக்கலாமா?

ப: திணிக்க என்ன இருக்கிறது, மாற்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். லேகியோன் என்பது வெறும் பிசாசுப் பேரல்ல. ஏறக்குறைய 5,000 பேர் கொண்ட ரோமப் படைப்பிரிவு. கிரேக்கத்தில் எழுதியவர் அந்த லத்தீன் சொல்லை அப்படியே போட்டார். தமிழ் வேதாகமமும் ஒலிபெயர்த்துவிட்டதால் நமக்கு உறைப்பதில்லை. ‘என் பேர் பட்டாலியன்’ என்று ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

அடுத்து மாற்கு 5:1-20, மத்தேயு 8:28-34, லூக்கா 8:26-39 மூன்றையும் அருகருகே விரித்துக்கொள்ளுங்கள். மாற்கில் பிசாசுகள், தங்களை அந்தத் திசையைவிட்டுத் துரத்த வேண்டாம் என்று கெஞ்சுகின்றன. ஆக்கிரமித்த படை வேறென்ன கேட்கும்? லூக்காவில் அது ‘பாதாளத்துக்கு அனுப்பவேண்டாம்’ என்றாகிறது. மத்தேயுவின் கதையிலோ லேகியோன் என்ற சொல்லே இல்லை.

பன்றி விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயம்தான். காட்டுப்பன்றி பத்தாம் லேகியோனின் சின்னங்களில் ஒன்று. எருசலேமில் கிடைத்த அதன் கூரை ஓடுகளிலும் அந்த முத்திரை உண்டு. ஆனால் அந்தப் படை அங்கே நிலைகொண்டது கி.பி. 70இல் நகரம் வீழ்ந்த பிறகு. இயேசுவின் காலத்தில் கலிலேயா, ரோமுக்குக் கீழ்ப்பட்ட குறுநில மன்னன் ஏரோது அந்திப்பாவின் ஆட்சியில் இருந்தது. லேகியோன்கள் சீரியாவில் இருந்தன. ஆகவே இந்தக் குறிப்பு உண்மையானால், அது கி.பி. 70ஐ ஒட்டி மாற்கின் நூல் வாசிக்கக் கேட்டவர்களுக்கானது. 30ஆம் ஆண்டின் ஏரிக்கரைக்கு அதை ஏற்றுகிறவர்கள்தான் சறுக்குகிறார்கள். பன்றிகளை எண்ணிப் படைக்கணக்குப் போடுவதும் வீண்: மாற்கு சொல்வது ஏறக்குறைய 2,000.

இந்த வாசிப்பை வேதத்துக்கு வக்காலத்தாக நினைப்பது இன்னொரு கோளாறு. 2,000 பன்றிகளை இழந்த ஊரார் இயேசுவைப் போய்விடச் சொன்னார்களே, அவர்கள் பக்கத்திலிருந்தும் கேட்க வேண்டும். மாற்கையும் விடக்கூடாது. ‘தெய்வ மகன்’ என்பது ரோமப் பேரரசன் அகஸ்து இராயன் நாணயத்தில் பொறித்துக்கொண்ட பட்டம். படையைக் கடலில் தள்ளிய அதே மாற்கு, 15:39இல் அந்தப் பட்டத்தை இயேசுவுக்குச் சூட்டுகிறார்; சொல்ல வைப்பதோ சிலுவையடியில் காவல் நின்ற ரோம நூற்றுக்கு அதிபதியை, அதாவது படைத்தலைவனை. அந்தப் பதவிக்கும் அவர் போடுவது லத்தீன் சொல்லே.