நான்கு தலைநகரங்கள், ஒரே ரயில் பயணம்: பாஸ் வாங்கலாமா?

கேள்வி: மகள் லண்டனில் படிக்கிறாள். மே மாதம் நானும் கணவரும் மூட்டு வலி உள்ள என் மாமியாரும் 12 நாள் பயணமாகப் போகிறோம். லண்டனிலேயே தங்கிக்கொண்டு பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் மூன்றையும் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணம். யூரெய்ல் பாஸ் வாங்கினால் லாபமா? (மதுரை வாசகி)

பதில்: உங்களுக்குப் பாஸ் வேண்டாம். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஒரே சீட்டில் போக உதவும் அது, நாடு நாடாக ஒரு மாதம் சுற்றுகிறவர்களுக்கு நல்ல பொருள். நீங்கள் போகப்போவது மூன்றே நீண்ட பயணங்கள். பாஸ் கையில் இருந்தாலும், லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாக இந்த ஊர்களுக்குப் போகும் யூரோஸ்டார் ரயிலில் ஏற ஒவ்வொருவரும் தனியாக முன்பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும்; அதுவே சுமார் 30 யூரோவுக்கு மேல் வரும். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இருக்கைகளும் கொஞ்சம்தான். தனித்தனி டிக்கெட்டுகளை முன்கூட்டியே வாங்குங்கள்.

முன்கூட்டியே என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம்மூரில் 60 நாளுக்கு முன் எடுத்தாலும் கடைசி வாரம் எடுத்தாலும் ஸ்லீப்பர் கட்டணம் ஒன்றுதான். அங்கே விமான டிக்கெட் மாதிரி, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி. எதுவும் கிடையாது. ஆகவே சில மாதங்களுக்கு முன்பே பாருங்கள். விசா கைக்கு வராத நிலையில் வாங்குவதாக இருந்தால், தேதி மாற்றும் விதியைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

எனக்குக் கவலை தருவது பாஸ் அல்ல, லண்டனிலேயே தங்கிப் போய்வரும் உங்கள் திட்டம். லண்டனுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பிரிட்டன் எல்லையைத் தாண்டுகிறீர்கள். பிரிட்டன் விசா வேறு; பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேறு. மூன்று தடவை உள்ளே போய்வர ஷெங்கனில் பலமுறை நுழையும் அனுமதி வேண்டும். முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு அது கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. மாமியாரின் முழங்காலையும் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சோதனை வரிசையில் நிற்க வேண்டியவர் அவர்தானே.

அதனால் ஒரே திசையில் போங்கள். லண்டனில் 3 இரவு, ஆம்ஸ்டர்டாமில் 3, பிரஸ்ஸல்ஸில் 2, பாரிஸில் 4. விமான டிக்கெட்டை லண்டனுக்குப் போய்ப் பாரிஸிலிருந்து திரும்புவது போல எடுத்தால் ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசாவே போதும். அதிக இரவுகள் பாரிஸில் என்பதால், முதலில் இறங்குவது நெதர்லாந்தாக இருந்தாலும் விண்ணப்பம் பிரான்ஸுக்குத்தான். மகளும் உடன் வருகிறாளா? அவளுடைய பிரிட்டன் மாணவர் விசா பாரிஸில் செல்லாது. லண்டனிலிருந்தே அவளும் ஷெங்கனுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதைப் பல குடும்பங்கள் கடைசி நேரத்தில்தான் கண்டுபிடிக்கின்றன.

லண்டன் செயின்ட் பேங்கிராஸ் நிலையத்திலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு நேரடி ரயில் உண்டு, சுமார் நான்கு மணி நேரம். ஷெங்கன் பகுதிக்கான கடவுச்சீட்டுச் சோதனை லண்டனிலேயே, பிரெஞ்சு அதிகாரிகளிடம் முடிந்துவிடும். நுழைவாயிலைப் புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்றரை மணி முன்னால் போய்விடுங்கள். மாமியாருக்குச் சக்கர நாற்காலி உதவி முன்பதிவு செய்தால் கிடைக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். டிக்கெட்டில் ஐந்து மணி நேரம் போலத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவீர்கள், தெரியும். புளியோதரை எடுத்துப் போகலாம். தயிர்சாதம் கூடாது. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவாவும் அதில் சேரும். பழங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள், வாழைப்பழத்துக்கு வேண்டாம்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு யூரோசிட்டி டைரக்ட் ரயிலில் போங்கள். சுமார் இரண்டு மணி நேரம், இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை. அது புறப்படுவது சென்ட்ரல் நிலையத்திலிருந்து அல்ல, தெற்கே இருக்கும் ஸைட் நிலையத்திலிருந்து. 52-ஆம் எண் மெட்ரோ இரண்டையும் இணைக்கிறது.

பிரஸ்ஸல்ஸில்தான் நம்மவர்கள் அதிகம் திணறுகிறார்கள். ஊரே இருமொழி ஊர். உங்கள் டிக்கெட்டில் பிரெஞ்சில் ‘மிடி’ என்றிருக்கும், பலகையில் டச்சில் ‘ஸைட்’ என்றிருக்கும். இரண்டும் ஒரே நிலையம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஸைட்டில் ஏறி இங்கே இன்னொரு ஸைட்டில் இறங்குவீர்கள், அவ்வளவுதான். நானும் முதல் தடவை பிரான்ஸின் லீல் நகருக்கு ரயில் தேடி, பலகையில் ‘ரைசல்’ என்றிருந்ததைப் பார்த்துவிட்டு அது வேறு ஊர் என்று நின்றவன். லீலுக்கு டச்சுப் பெயர் அது. அறையை மிடி பக்கம் எடுக்காமல் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் எடுங்கள். பெரிய சதுக்கம் நடந்துபோகும் தூரம். மிடியில் கைப்பை பத்திரம், ஜேப்படி உண்டு. ஒரு பகல் மிச்சம் இருந்தால் கென்ட் நகருக்கு அரை மணி நேரத்தில் போய்வரலாம். உள்நாட்டு ரயில் என்பதால் அன்றைக்கே டிக்கெட் எடுத்தாலும் விலை ஏறாது.

பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிஸ் வெறும் 1 மணி 22 நிமிடம். கடவுச்சீட்டு வரிசை கிடையாது, ஆனால் கையில் வைத்திருங்கள். இடையில் கேட்டாலும் கேட்பார்கள். இறங்குவது கார் து நோர் நிலையம். அங்கிருந்து பத்து நிமிட நடையில் லா ஷப்பேல் பகுதி, இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. லண்டனில் விட்டுவந்த தயிர்சாதத்தை மாமியார் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.